பானைத் தண்ணீர் குளிராத வாரம்

1973

மே 2, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். வெயில் என்றுகூடச் சொல்ல முடியாது. வானம் துவைக்காத வேட்டி மாதிரி பழுப்பாகத் தொங்குகிறது. எழுதும்போது கை தாளில் ஒட்டுகிறது, மை இழுகுகிறது. இந்த அழகில் டைரி ஒன்றுதான் குறைச்சல்.

பள்ளிக்கூடம் லீவு. ஐந்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. ஹெச்.எம். கேட்டு அனுப்புவதற்குள் திருத்திவிட வேண்டும்.

வாங்க: மண்ணெண்ணெய். அம்மாவுக்குக் கண் மருந்து. என் குடைக்குக் கம்பி. தாமுவுக்கு இரண்டு பனியன். இருப்பதெல்லாம் வேர்வை உப்பில் விறைத்துப்போய்த் தானாகவே நிற்கிறது.

தாமு விடியற்காலை பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டி போய்விட்டான். கம்பி மில்லில் தம்பி சேர்ந்து இந்த ஆடியோடு ஒரு வருஷம். கிணறு உப்புக் கரிக்க ஆரம்பித்த பிறகு நெல்லை நம்பி என்ன செய்ய? மீஞ்சூரைச் சுற்றி எல்லார் கிணறும் இதே கதைதான். நிலம் சும்மா கிடக்கிறது. அவன் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பானைத் தண்ணீர் இன்று குளிரவே இல்லை. போன மாசம் வாங்கிய புதுப் பானை, மணல் பரப்பி அதன்மேல்தான் வைத்திருக்கிறோம். வெளியே கசிந்த ஈரம் அப்படியே நிற்கிறது. உள்ளே வெதுவெதுப்பு. அம்மா பானைக்காரனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள்.

மே 4, வெள்ளி

கத்திரி இன்று ஆரம்பமாம். இதுவரை அடித்ததற்கு என்ன பெயர்?

பழவேற்காட்டிலிருந்து கன்னியம்மா இறால் கூடையோடு வந்தாள். வழக்கமாக வாசலில் நின்று வம்பு பேசுகிறவள், இன்று உட்கார்ந்ததும் தண்ணீர்தான் கேட்டாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகு:

"கடக்காத்து செத்துப்போச்சி டீச்சரம்மா. ஏரி அப்டியே கண்ணாடி மாரி கீது. வலைய காய வெச்சா காய மாட்டேங்குது. ஈரத்தோடவே நாறுது."

இங்கும் அதே. நேற்றுக் கொடியில் போட்ட புடவை இன்று மதியம்வரை நசநசவென்று இருந்தது. இறாலும் கொஞ்சம் நாற்றம்தான். சொல்லவில்லை, பாவம்.

சாயங்காலம் தாமு வந்து சட்டையைக் கழற்றினான். முதுகு, இடுப்பு, கழுத்து எல்லாம் வேர்க்குரு. அரிசியை வாரி ஒட்டின மாதிரி. நுங்கு வாங்கி வைத்திருந்தேன், அதன் தண்ணீரைத் தடவிவிட்டேன்.

"மில்லுன்னா மில்லு இல்லக்கா அது, இட்லிப் பானை. தகரக் கூரைய மூடி மாரி மேல வெச்சி கீறானுங்க. கம்பி உருட்ற ரோல் மேல தண்ணி உட்டா குபுக்குன்னு ஆவி கெளம்புது. வெளிய போறதுக்கு வழியில்ல. நாங்கதான் இட்லி."

"வெந்துட்டியா, இன்னும் இருக்கா?"

"நடுவுல கொஞ்சம் மாவா கீறேன்."

சிரித்தான். சாதம் சரியாகச் சாப்பிடவில்லை. மோர் மட்டும் மூன்று டம்ளர். லீவு போடு என்றேன். ஆள் இல்லையாம், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாராம் மேஸ்திரி. மேஸ்திரி மட்டும் எங்கே நிற்பாராம் என்று கேட்டேன். கேட் பக்கத்து வேப்பமரத்தடியில்.

மே 6, ஞாயிறு

ரேஷனில் சர்க்கரை வந்திருக்கிறது, கியூவில் நிற்கத் தெம்பு இல்லை.

கோடி வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை. அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பக்கம் போகாதே, அவர்கள் வீட்டுக் கோழி வந்தால் விரட்டு, தாமு வேறு வழியாக ஸ்டேஷனுக்குப் போகட்டும். முத்துமாரிக்கு ஆடியில் கூழ் ஊற்றுவதாக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள்.

அம்மாவைக் கேலி செய்ய முடியாது. எனக்கு முன்னே ஒரு அண்ணன் இருந்தான். முகம்கூடத் தெரியாது. பெரியம்மையில் போனவன். அப்பா மனசு கேட்காமல் மாட்டுவண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாராம். வழியில் காய்ச்சல் தணியட்டும் என்று ஏரித் தண்ணீரால் உடம்பைத் துடைத்தாராம். அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. ஆத்தா இருக்கிற உடம்பைத் தொட்டுத் துடைத்ததுதான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். அதோடு, போன பிள்ளைக்காக வாய்விட்டு அழுதாளாம். அம்மையில் போனால் ஆத்தா தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டாள் என்று அர்த்தம், அழக்கூடாது. அழுததை ஆத்தா மனசில் வைத்திருப்பாள் என்ற பயம் இத்தனை வருஷமாக.

தாமு சாயங்காலம் வந்ததும் படுத்துவிட்டான். தலைவலி. "ஒண்ணுமில்லக்கா, பேஜாராகீது, அவ்ளோதான்."

பானைத் தண்ணீர் இன்றும் வெதுவெதுப்பு.

மே 8, செவ்வாய்

அடுப்பைப் பற்றவைக்காமல் டைரியை எடுத்திருக்கிறேன். எழுதிவிட்டால் சரியாகும்.

மதிய பாசஞ்சரில் தாமுவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்துவிட்டார் சுப்பையா. கூட வேலை செய்கிறவர், சூலூர்ப்பேட்டைக்காரர், தெலுங்கு கலந்த பேச்சு. தாமுவை நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"காலைலேந்தே ஒரு மாரியாதான் இருந்தாரும்மா. வேர்வை கொட்டு கொட்டுன்னு கொட்டிக்கினு இருந்துச்சி. அப்பறம் பாத்தா முதுகு காஞ்சி கீது. எனக்கு அப்பவே ஒரு மாரி ஆயிட்ச்சி. இடுக்கிய கீழ போட்டுட்டு அப்டியே குந்திட்டாரு. நைனா, எய்ந்துருன்னு தட்றேன், கண்ண முய்ச்சிப் பாக்குறாரு, யாருன்னு தெர்ல."

பித்தம், வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டால் சரியாகும் என்று மேஸ்திரி சொன்னாராம். வேப்பமரத்தடியிலிருந்து.

காய்ச்சல் கொதிக்கிறது. இரண்டு தடவை வாந்தி. இளநீர் கொஞ்சம் உள்ளே போனது. இப்போது தூங்குகிறான். சுப்பையா ஒரு டம்ளர் மோர்கூட வேண்டாம் என்று, அடுத்த வண்டிக்கே ஓடினார். ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

மே 9, புதன்

காலையில் தாமுவின் வேட்டி வேர்வையில் நனைந்திருக்கிறதா என்று பார்க்கத் துணியை விலக்கிய அம்மா, அப்படியே கைகூப்பிவிட்டாள்.

வேர்க்குரு ஒன்றோடு ஒன்று சேர்ந்து சிவந்து, முனையில் வெள்ளையாக நீர் கோத்திருக்கிறது. முதுகு, நெஞ்சு, அக்குள், இடுப்பு.

"ஆத்தா வந்துட்டாடி. நம்ம ஊட்டுக்கே வந்துட்டா."

வேர்க்குரும்மா என்றேன். வெள்ளிக்கிழமை நான்தானே நுங்கு தடவினேன். "வேக்குருக்கு இப்டி காயுமா? வாந்தி வருமா?" என்றாள். இரண்டு கையிலும் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதே என்றேன். "தய்ம்பு கீறவங்களுக்கு வந்ததே இல்லியா?" கோடி வீட்டில் அம்மை. இவனுக்குக் காய்ச்சல். எனக்கே மனசு இரண்டாகப் பிளந்துதான் கிடக்கிறது.

அம்மாவின் சட்டம்:
தாளிக்கக் கூடாது.
தலை வாரக் கூடாது.
வெளியாள் உள்ளே வரக் கூடாது.
ஜன்னல் திறக்கக் கூடாது, கண் படும்.
மருந்து, ஊசி என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது.
உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. முதல் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைதான்.

முற்றத்தில் அண்டா வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்றைக்கே மஞ்சளும் வேப்பிலையும் எடுத்து வைத்துவிட்டாள்.

தாமு வேப்பிலை பரப்பிய பாயில். அறை அடுப்படியைவிட மோசம். நானே உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டி வெளியே வந்தேன். மதியம் கொஞ்சம் தெளிவாக இருந்தான்.

"அக்கா, கெணத்தடிக்கு இஸ்துக்கினு போ. ரெண்டு வாளி ஊத்து. உப்புத் தண்ணின்னாலும் பரவால்ல."

"ஞாயித்துக்கெழமைடா."

"அதுவரைக்கும் இந்த இட்லிய யாரு பாத்துப்பா?"

அம்மா வேப்பிலை ஒடிக்கப் போன நேரம் பார்த்து முந்தானையை நனைத்து அவன் நெற்றியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "சில்லுன்னு கீதுக்கா" என்றான். பானைத் தண்ணீர் கொஞ்சமும் குளிரவில்லை. அவன் உடம்பு அவ்வளவு சூடு. அம்மாவின் காலடி கேட்டதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். திருடி மாதிரி.

மே 10, வியாழன்

வானம் அதே பழுப்பு. இலை அசையவில்லை.

தாமுவுக்கு வேர்வை அடியோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, எப்டி காஞ்சி கீது ஒடம்பு. ஆத்தா மனசு எறங்கிட்டா." நான் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

இளநீர் உள்ளே போகவில்லை, கடைவாயில் வழிகிறது. ஏதேதோ பேசுகிறான். எல்லாம் மில் பேச்சு. "தண்ணி உடு, தண்ணி உடு, ரோலு சூடாவுது." அம்மா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம உட்றேன் தாயே, கொஞ்சம் பொறுத்துக்க" என்கிறாள். அவனிடம் இல்லை. ஆத்தாவிடம்.

ஜன்னலைத் திறந்தேன். மூடினாள். திறந்தேன். மூடினாள்.

வேறு வேலை ஓடாமல் விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். மதிப்பெண் போட்டுக்கொண்டே போகும்போது அந்தக் கேள்வி: மண்பானையில் நீர் ஏன் குளிர்கிறது? பாதிப் பேர் நான் எழுதிப்போட்டதை அப்படியே ஒப்பித்திருக்கிறார்கள். கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால். ஒரு வாண்டு மட்டும், "காத்து வந்து பானையை நக்குறதால" என்று எழுதியிருக்கிறது. முதலில் சிரித்தேன். அப்புறம் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு வாரமாக நக்குவதற்குக் காற்று இல்லை. பானை குளிரவில்லை. வலை காயவில்லை. கொடிப் புடவை காயவில்லை. தாமுவின் வேர்வையும் காயாமல் மேலேயே நின்று நின்று, துவாரமெல்லாம் அடைத்துக்கொண்டு, இப்போது கசிவதுகூட நின்றுபோயிற்று. அடுப்பில் வைத்த பானை ஆகிவிட்டான் என் தம்பி.

அம்மாவிடம் சொன்னேன். பானையைக் காட்டிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "படிச்சவ நீ. உங்க அப்பாவும் படிச்சவருதான்" என்று எழுந்து போய்விட்டாள்.

நாளைக் காலை சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். அம்மை குத்துகிறவரைக் கூட்டிவந்து காட்டினால், அவர் சொன்னாலாவது நம்புவாள். அம்மைக்காரர் என்பதால் உள்ளே விடுவாள்.

மே 11, வெள்ளி

காலை. போய்வந்தேன். அம்மை குத்துகிறவர் அத்திப்பட்டுப் பக்கம் போயிருக்கிறார். டாக்டர் லீவு. அங்கிருந்த ஆயாவிடம் வீட்டு அடையாளம் சொல்லி, கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வந்தேன். "வந்தா அனுப்பறேம்மா, நீ போயி ஊட்ல இரு."

வந்து பார்த்தால் தாமுவுக்கு மூச்சு நாய்க்கு இளைப்பதுபோல. பார்வை எங்கேயோ. இனிமேல் என்ன சட்டம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். அம்மா வாசற்படியில் நின்றாள். தள்ளிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவள் சட்டென்று என் காலில் விழுந்துவிட்டாள்.

"உன் கால்ல உய்றேன்டி, ஊத்தாத. பெரியவன இப்டித்தான் பறிகுடுத்தேன். இவனையாவது எனக்கு வுட்டு வையி."

பெற்றவள் காலில் விழுந்தால் என்ன செய்வது? குடத்தைக் கீழே வைத்தேன். அவளைத் தூக்கினேன். அதற்குள் உள்ளே பாய் சரசரவென்று இழுபடும் சத்தம். தாமுவுக்கு வலிப்பு.

மதியம். தாமு போய்விட்டான்.

அழக்கூடாதாம்.

மே 12, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர்தான். அம்மை வீடு என்பதால் தெருவே எட்டி நின்றது. பறை இல்லை, ஒப்பாரி இல்லை. அம்மா தாமுவின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் விசும்பினால் தொடையில் கிள்ளினாள். தூக்குவதற்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. காக்கிச் சட்டை, தோள்பை. அம்மை குத்துகிறவர். அத்திப்பட்டிலிருந்து நேரே வந்திருக்கிறார். முதுகெல்லாம் ஈரம்.

பாயைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். நான்தான், "வந்து பாருங்க சார்" என்றேன். என்ன பயன் என்று தெரியாது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்டியிட்டு, துணியை விலக்கி, முகம் பார்த்தார், உள்ளங்கை பார்த்தார், பாதம் பார்த்தார். திருப்பிப் போட்டு முதுகு பார்த்தார். எழுந்து என்னிடம்தான் மெதுவாகச் சொல்ல வந்தார். அம்மா, "இங்கயே சொல்லுங்க சார்" என்றாள்.

"அம்மைன்னா மொகத்துல, கையில, கால்ல இருக்கணும்மா. மொகம் சுத்தமா கீது. வேர்வை தங்குற எடத்துலதான் இது இருக்கு. வேக்குரும்மா. வேக்குரு அடைச்சிக்கிச்சி, இந்தப் புய்க்கத்துல ஒடம்பு ஆற வழியில்லாம சூடு மூளைக்கி ஏறிடுச்சி. இந்த வாரம் இதேமாரி இன்னோரு எடத்துலயும் பாத்துட்டுதான் வரேன்."

மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

அம்மா கேட்டாள்: "ஆத்தா இல்லியா சார்?"

"இல்லம்மா."

"நல்லா பாத்து சொல்லுங்க. ஆத்தா வர்லியா?"

"வர்லம்மா."

வேப்பிலைக் கொத்தைப் பக்கத்தில் வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அய்லாமா சார்?"

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போனவனுக்கும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது. எட்டி நின்ற தெரு உள்ளே வந்துவிட்டது. கோடி வீட்டுக் குழந்தையின் தாய்கூட வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அண்டாவுக்கு எடுத்து வைத்த மஞ்சளையும் வேப்பிலையையும் அம்மா தூக்கி எறிந்தாள். வெறும் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். குடம் குடமாக. கேட்டபோது ஒரு குடம் இல்லை.

இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். சுப்பையா விஷயம் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தபோது வாசல் கழுவியாகிவிட்டது. நைனா, நைனா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மில்லில் நேற்றும் வேலை நடந்ததாம். தாமுவின் இடத்தில் வேறு ஆள்.

நான் யார்மேல் கோபப்படுவது? அம்மாமேல் முடியவில்லை. அந்த மேஸ்திரிமேல் முடிகிறது. வானத்தின்மேல் முடிகிறது. குடத்தைக் கீழே வைத்த என் கையைப் பார்த்தால்தான் தாங்க முடியவில்லை.

மே 13, ஞாயிறு

விடியற்காலையில் கடல்காற்று. முதலில் வேப்பமரம் அசைந்தது, அப்புறம் கொடியில் தாமுவின் பனியன். மத்தியானத்துக்குள் துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. கன்னியம்மா துக்கம் கேட்க வந்தாள், கூடை இல்லாமல். "ரெண்டு நாளு முன்ன வந்திருக்கக் கூடாதா இந்தப் பாழாப்போன காத்து" என்று அழுதாள்.

அம்மா முந்தாநாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அழுது அழுது குரலே இல்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். உதட்டில் வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"சில்லுன்னு கீதுடி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பானையையே இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எங்கே என்று கேட்டேன். கிணற்றடிக்குப் போய், தாமு உட்கார்ந்து குளிக்கிற கல்லின்மேல் மெதுவாக ஊற்றினாள், தலையில் ஊற்றுவது மாதிரி ஒரு கையை மேலே வைத்துத் தேய்த்துக்கொண்டே. பானை காலியானதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ரெண்டு வாளி கேட்டிருந்தான். நான் கயிற்றைப் பிடித்து இறைத்துக் கொடுத்தேன்.